கடையோடு சேர்த்து

ஒரு கடை கைமாறும்போது எதெல்லாம் கைமாறுகிறது என்ற கேள்வி சில மாதங்களாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரிய கடை ஒன்றும் இல்லை. மினசோட்டாவில் நான் குடியிருக்கும் ஊரில், வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு வேண்டிய சாமான்களை விற்கும் சின்னக் கடை. உள்ளே நுழைந்தால் வலது பக்கம் மால்ட் மூட்டைகள்: பில்ஸ்னர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆட்டர், கறுக்க வறுத்த பார்லி. இடது பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி. மேல்தட்டுகளில் அலுமினிய உறைகளில் ஹாப்ஸ், கீழ்த்தட்டில் திரவ ஈஸ்ட். பின்மூலையில் அரவை இயந்திரம். அது ஓடினால் கடை முழுக்க மெல்லிய தவிட்டுத் தூசு பறக்கும். வறுத்த தானிய வாசனையும் ஹாப்ஸின் பிசின் கலந்த எலுமிச்சைத்தோல் வாசனையும் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். பல வருஷம் அதை நடத்திய பெரியவர் கடையை விற்றுவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டார். வாங்கியவர் நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண், அலுவலக வேலையை விட்டுவிட்டுச் சேமிப்பைப் போட்டு இறங்கியவர். அன்றிலிருந்து இந்த ஊரில் பீர் காய்ச்சுகிற இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு அந்தக் கடையைப் பற்றித்தான். பேச்சு என்று சொல்வதைவிடப் புலம்பல் என்று சொல்லலாம். அதில் ஏறுகிற சூடு, சொல்லப்படும் குறைகளின் அளவுக்கு மிஞ்சியதாக இருக்கிறது. ஒரு பாக்கெட் ஈஸ்ட் பழசாக இருந்ததற்காக ஒரு மனிதர் இவ்வளவு புண்பட முடியுமா? புண்படத்தான் செய்கிறார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அந்த வலி எங்கிருந்து கிளம்புகிறது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியவர் காலத்தில் முதன்முதலாக அங்கே போனபோது எனக்கு அந்தக் கடையின் இயல்பே பிடிபடவில்லை. தமிழ்நாட்டில் வளர்ந்தவனுக்கு மதுக்கடை என்றால் கம்பிவலையின் இடுக்கில் நீளும் கைகள்தான் நினைவுக்கு வரும். 2003இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் முழுவதுமாக எடுத்துக்கொண்ட பிறகு அங்கே கேட்கவும் சொல்லவும் என்ன இருக்கிறது, காசை நீட்டினால் பாட்டில் வரும். வீட்டில் காய்ச்சுவது குற்றம். இங்கே ஒரு மனிதர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, போன தடவை என்ன காய்ச்சினாய், நொதிக்கும்போது அறையின் சூடு எவ்வளவு, அடியில் வண்டல் எப்படிப் படிந்தது என்று விசாரித்தார். நாட்டுமருந்துக் கடையில் பொட்டலம் மடிப்பதற்கு முன்னால் யாருக்கு, என்ன வயசு, எத்தனை நாளாக என்று கேட்பார்களே, அந்த மாதிரியான விசாரிப்பு. மால்ட் மணி ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்கச் சொல்வார். நறுக்கென்று உடைந்தால் நல்லது. பல்லுக்கு மெத்தென்று அழுந்தினால் ஈரம் வாங்கியிருக்கிறது, அந்த மூட்டை வேண்டாம். அரைத்து முடித்ததும் ஒரு பிடி அள்ளி வெள்ளைத் தாளில் பரப்பி, விரலால் பிரித்துக் காட்டுவார். உமி கிழியாமல் இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் வெண்பகுதி மட்டும் இரண்டு மூன்றாக உடைந்திருக்க வேண்டும். உமியும் சேர்ந்து நொறுங்கினால் சாறு வடியும்போது அடைத்துக்கொள்ளும், துவர்ப்பும் இறங்கும். மணி உடையாமல் நழுவிவிட்டாலோ, வெந்நீரில் எவ்வளவு நேரம் ஊறினாலும் அதிலிருக்கும் மாவு சர்க்கரையாக மாறாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி, இரு உருளைகளுக்கு இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. சில நாள் சாமான் அலமாரியில் இருந்தும் விற்க மாட்டார். இந்த ஈஸ்ட் களைத்துப் போயிருக்கிறது, வியாழக்கிழமை வா, புதுசு வரும் என்பார். வாங்க வந்தவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பும் கடைக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் அந்தக் கடையை விட்டுப் போகாமல் இருந்தவர்கள் என்பதையும் பின்னால் கவனித்தேன்.

இப்போது சொல்லப்படும் குறைகள் பொய்யில்லை. திரவ ஈஸ்ட் உயிருள்ள சரக்கு. ஒரிகனிலிருந்தோ சான் டியேகோவிலிருந்தோ பனிக்கட்டிப் பைகளோடு கிளம்பி வருகிறது, குளிர்பெட்டியில் இருந்தாலும் மாதத்துக்கு மாதம் அதன் உயிரணுக்கள் செத்துக்கொண்டே இருக்கும். உறையில் அச்சடித்த தேதியைப் பார்த்து வாங்குவது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. புதிய உரிமையாளர் வந்த முதல் குளிர்காலத்தில் ஐந்து மாதப் பழசு முழு விலையில் இருந்தது. ஹாப்ஸ் ஒரு தடவை வெளியே கதகதப்பில் கிடந்திருக்க வேண்டும். உறையைப் பிரித்தவர் பாலாடைக்கட்டி நாறியது என்றார். காற்றும் சூடும் பட்ட ஹாப்ஸுக்கு அந்த நாற்றம் வரத்தான் செய்யும். எல்லாவற்றையும்விட அதிகம் பேசப்பட்டது அரவை. சர்க்கரையின் அளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டரைச் சாற்றில் மிதக்கவிட்டால் 1.052 காட்ட வேண்டிய இடத்தில் 1.044 காட்டியது. ஒருவருக்கு நடந்தால் அவர் கைப்பிழை, ஆனால் அடுத்தடுத்துப் பலருக்கும் இதே கதை. உருளைகளைப் பிடித்திருக்கும் திருகு, ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்து, இடைவெளி அகன்றுவிட்டது. பல மணிகள் உடையாமலே பையில் விழுந்தன. பெரியவர் அதை அவ்வப்போது இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபார்ப்பார் என்பது யாருக்கும் தெரியாது, அவர் அதை ஒரு வேலையாகச் சொல்லிக்கொண்டதே இல்லை. கடையை ஒப்படைக்கும்போது சாவி, கடவுச்சொற்கள், மொத்த வியாபாரிகளின் பட்டியல் எல்லாம் கொடுத்தவர் இதைச் சொல்ல மறந்திருக்கலாம். பழகிய கைக்குத் தான் செய்வது தெரிவதில்லை என்று நினைக்கிறேன். என்னை உறுத்தியது வேறு. இத்தனை பேர் இதைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வாகனம் நிறுத்துமிடத்தில் சொன்னார்கள், ஒருவர் வீட்டு கராஜில் அடுப்பு எரியும்போது சொன்னார்கள். சொல்ல வேண்டியவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னபோது அந்தப் பெண் முதலில் பயந்தார், பிறகு எனக்குப் புரியாத ஒரு கோபத்தோடு, “எத்தனை நாளாக இப்படி?” என்று கேட்டார். அவர் கோபம் இயந்திரத்தின் மேல் இல்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

சொல்லாமல் விலகிப் போவது நாகரிகம் என்று நாம் நினைக்கிறோம். பிடிக்கவில்லையா, வேறு கடைக்குப் போ. கடைக்காரர் கூட்டம் குறைவதைப் பார்த்துத் தானே புரிந்துகொள்வார். துணிக்கடைக்கு இது பொருந்தலாம். இங்கே பொருந்தாது, ஏனென்றால் இங்கே கூட்டம்தான் சரக்கின் தரம். ஈஸ்ட் புதுசாக இருப்பதற்கு ஒரே வழி, போன வாரம் வந்தது இந்த வாரம் விற்றுப்போவதுதான். திறந்த மால்ட் மூட்டை ஈரம் வாங்குவதற்குள் காலியாக வேண்டும். பத்துப் பேர் ஒதுங்கினால் அலமாரியில் உள்ளது அத்தனையும் கூடுதலாக ஒரு மாதம் கிழடாகும். அதைப் பார்த்துப் பதினோராவது ஆள் ஒதுங்குவார். கடையில் எல்லாம் பழசு என்று சொல்லிப் போகாமல் இருப்பவர்கள் அந்தச் சொல்லை மெய்யாக்கிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர் காலத்துப் புத்தம்புது ஈஸ்ட் அவருடைய திறமையால் வந்தது என்று நம்பியிருந்தோம். அதில் பாதி எங்கள் வருகையால் வந்தது. இதைச் சொல்வதால் புதியவரின் பிழையை நான் மூடி மறைக்கவில்லை. பழைய ஈஸ்டை முழு விலைக்கு வைத்தது தவறு, வந்து இத்தனை நாள்தான் ஆகிறது என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. பாதி விலை போட்டு, இரண்டு உறை சேர்த்துப் போடுங்கள் என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் போதும், வாங்குகிறவனுக்கு நிலவரம் தெரிந்திருக்கும்.

ஆனால் கோபம் ஈஸ்டோடு நிற்கவில்லை. எங்களைக் கேட்காமல் விற்றுவிட்டார் என்று ஒருவர் சொன்னார், அவர் குரலில் விளையாட்டு இல்லை. முதலில் எனக்கு அது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. கடை அவருடையது, விற்கும் உரிமையும் அவருடையது. பிறகு அந்த விற்பனையின் கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். மூட்டைகளுக்கும் உறைகளுக்கும் கொள்முதல் விலை உண்டு. அரவை இயந்திரமும் குளிர்பெட்டியும் தேய்மானம் போக ஏதோ பெறும். கட்டடம் வாடகை. இதற்கு மேல் ஒரு தொகை கொடுக்கப்பட்டிருக்குமே, அது எதற்கு? அமெரிக்க வருமானவரிச் சட்டம் இதற்குத் தெளிவாகவே வழி வைத்திருக்கிறது. வாங்கியவர் அந்தத் தொகையை 15 ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து, ஆண்டுதோறும் கழித்துக்கொள்ளலாம். பழைய வாடிக்கையாளர்கள் தொடர்ந்து வருவார்கள் என்ற எதிர்பார்ப்பின் மதிப்பு என்றுதான் விதிகள் அதை விளக்குகின்றன. அதாவது நான் அடுத்த சனிக்கிழமை வருவேன் என்பதற்கு ஒரு விலை போடப்பட்டு, அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போயிருக்கிறது. எனக்கு அந்த விஷயமே தெரியாது. கேட்காமல் விற்றுவிட்டார் என்று சொன்னவர் ஒருவேளை இதைத்தான் வார்த்தை கிடைக்காமல் சொன்னாரோ? மூட்டையோடும் இயந்திரத்தோடும் பட்டியலில் ஒரு வரியாக எழுதப்பட்டுவிட்ட மனிதன், நான் அந்தப் பட்டியலில் இல்லை என்று காட்டுவதற்கு அவனிடம் இருக்கும் ஒரே வழி வராமல் இருப்பதுதான். அப்படிப் பார்த்தால் இந்தக் கோபத்தில் ஒரு மானம் இருக்கிறது. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இந்த மாநிலத்துக்கு இந்தக் கோபம் புதிதும் இல்லை. செயின்ட் பால் நகரில் 1993இல் ஒற்றைக் கடையாகத் தொடங்கி நாடு முழுவதும் தபாலில் சாமான் அனுப்பும் அளவுக்கு வளர்ந்த நார்தன் ப்ரூவரை, 2016இல் ஏபி இன்பெவின் துணை நிறுவனமான இசட்எக்ஸ் வென்ச்சர்ஸ் வாங்கியது. பட்வைசர் தயாரிக்கும் கம்பெனியே, அதிலிருந்து தப்பிப்பதற்காக வீட்டில் காய்ச்சத் தொடங்கியவர்களின் கடையை வாங்கினால் என்ன ஆகும்? காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று பலர் மனம் கசந்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 2019 முடிவில், அது ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. பெரிய ஆலைக்கும் வீட்டு அடுப்புக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது என்பதை அப்போது யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. மதுவிலக்கு அமலில் இருந்த 1920களில் ஆன்ஹைசர்-புஷ், ஹாப்ஸ் மணக்கும் மால்ட் பாகைத் தகர டப்பாக்களில் விற்றுப் பிழைத்தது. ரொட்டி சுட என்பது பேருக்கு, அது எங்கே போகிறது என்று விற்றவருக்கும் வாங்கியவருக்கும் தெரியும். 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டு ஒயினுக்குக் கிடைத்த அனுமதி வீட்டு பீருக்குக் கிடைக்கவில்லை. 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதைச் சரிசெய்தது: இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன், விற்கக் கூடாது. அதன்பிறகும் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக ஒப்ப வேண்டியிருந்தது, மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை இழுத்தன. திருட்டுத்தனமாகச் செய்த வேலையை வெளிச்சத்தில் செய்ய இடம் கொடுத்தவை இந்தச் சின்னக் கடைகள். எந்தக் கடை யார் கையில் என்பதில் இங்கே மனிதர்களுக்கு அத்தனை கூர்மையான கவனம் இருப்பதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். அதனால் 2016இன் கோபம் எனக்குப் புரிகிறது. அங்கே எதிரே இருந்தது உலகின் மிகப் பெரிய பீர் நிறுவனம். எங்கள் ஊர்க் கடையில் எதிரே இருப்பது சேமிப்பைப் போட்டு இறங்கிய ஒரு தனி மனுஷி. அவர் மேலும் அதே சொற்களை, ‘காசு பார்க்க வந்தவர்கள்’, ‘கடையைக் கெடுத்தவர்கள்’ என்று பன்மையில் வீசும்போது, அங்கே இல்லாத ஒரு கம்பெனியை இவர் முகத்தில் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். இது அநியாயம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காய்ச்சக் கற்றுத்தரும் சனிக்கிழமை காலை வகுப்புக்குப் புதியவர் கட்டணம் வைத்தபோது எழுந்த கூச்சலில் நான் இன்னொன்றைக் கண்டேன். பெரியவர் இதெல்லாம் சும்மா சொல்லிக்கொடுத்தார் என்றார்கள். சும்மாதான் சொல்லிக்கொடுத்தார். ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு மணிநேரம் பேசுவார், வந்தவர் ஒரு பாக்கெட் உலர் ஈஸ்டை எடுத்துக்கொண்டு கிளம்புவார். மூட்டையை இணையத்தில் மலிவு பார்த்து வாங்கிவிட்டு, அதை என்ன செய்வது என்று கேட்க இங்கே வந்தவர்களை எனக்குத் தெரியும், பெரியவருக்கும் தெரியும். அவர் முகம் சுளித்ததில்லை. ரசீதில் அந்த ஒரு மணிநேரத்துக்கு வரி கிடையாது. ஈஸ்டின் விலையிலும் அது இல்லை, ஏனென்றால் இணையத்தின் விலைக்கு மேல் பத்து சென்ட் வைத்தாலும் பேச்சு வரும். அப்படியானால் அந்த மணிநேரத்துக்கு யார் காசு கொடுத்தார்? அவரேதான் கொடுத்தார், வருஷக்கணக்காக, தன் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து. சொந்தக் கடை வைத்தவருக்குக் கம்பெனி ஓய்வூதியம் கிடையாது. இளமையெல்லாம் சொல்லிக்கொடுத்ததற்குக் கடைசியில் அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே கூலி, விற்பனைப் பத்திரத்தில் சரக்குக்கு மேல் எழுதப்படும் அந்தத் தொகைதான். எங்களை விற்றுவிட்டார் என்று நான் மேலே நியாயம் சொன்னேனே, அந்த வரிதான் இது. எங்களுக்குச் செய்ததற்கான கூலியை எங்களிடமிருந்து வாங்காமல், நாங்கள் தொடர்ந்து வருவோம் என்று நம்பிய இன்னொருவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். இதை யோசித்ததிலிருந்து அந்த விற்பனையின் மேல் இருந்த வருத்தம் எனக்குக் குறைந்தது. வேறொரு சங்கடம் அந்த இடத்துக்கு வந்தது.

பெரியவரை நூலகத்தில் பார்த்தேன். கடையைப் பற்றி அவராக எதுவும் கேட்கவில்லை, நான்தான் ஆரம்பித்தேன். அரவை விஷயத்தைச் சொன்னதும் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். பேச்சுவாக்கில், பணம் இன்னும் முழுசாகக் கைக்கு வரவில்லை என்றார். இங்கே சின்ன வியாபாரங்கள் விற்கப்படும்போது இது சகஜம். வாங்குகிறவரிடம் மொத்தப் பணம் இருக்காது. வங்கி ஒரு பங்கு கொடுக்கும், மிச்சத்தில் ஒரு பங்கை விற்றவரே கடனாக விட்டுவைப்பார். கடையின் வருமானத்திலிருந்து மாதாமாதம் அது திரும்பி வர வேண்டும். வரும் என்றுதான் நினைக்கிறேன், நல்ல பெண் என்றார். என்னால் அதற்கு மேல் பேச முடியவில்லை. முந்தின வாரம்தான் ஒரு நண்பர், கடையின் மிகப் பழைய வாடிக்கையாளர்களில் ஒருவர், என்னிடம் அழுத்தமாகச் சொல்லியிருந்தார்: “பெரியவர் மேல் வைத்திருக்கும் மரியாதைக்காகத்தான் நான் அங்கே போவதில்லை.” அந்த மரியாதை உண்மையானது. அவர் கண்கள் நனைந்ததை நான் பார்த்தேன். ஆனால் அது மாதாமாதம் பெரியவருக்கு வர வேண்டிய தவணையைத்தான் குறைத்துக்கொண்டிருக்கிறது. இப்படிப் பத்துப் பேர் பத்துக் கடைகளில் செய்தால், ஓய்வெடுக்க நினைக்கும் அடுத்த பெரியவரின் கடையை வாங்க யார் முன்வருவார்? சரக்கைத் தள்ளுபடியில் தீர்த்துவிட்டுக் கதவைப் பூட்டுவதுதான் அவருக்கு மிஞ்சும். நாட்டில் பல ஊர்களில் அப்படித்தான் பூட்டினார்கள். ஓர் ஆளின் மேல் வைத்த அன்பை அவர் கட்டிய கடையின் மேலும் கொஞ்சம் வைக்க முடியாதா என்று நண்பரிடம் கேட்டேன். ஆளும் கடையும் ஒன்றாகவே இருந்ததால் தன்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றார். நேர்மையான பதில். அதற்கு என்னிடம் மறுபதில் இல்லை.

ஈஸ்ட் பற்றியும் புதியவரிடம் பேசினேன். ஒளிக்காமல் சொன்னார்: மொத்த வியாபாரி ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே பனிக்கட்டி வைத்து அனுப்ப மாட்டார். அந்த அளவு வாங்கினால் பாதி தேங்கிவிடுகிறது. பெரியவரிடம் இன்ன மாதம் இன்னார் இன்னது காய்ச்சுவார் என்ற கணக்கு தலைக்குள் இருந்தது. அது விற்பனைப் பத்திரத்தில் வரவில்லை. இவரால் ஊகிக்க முடியவில்லை. அதனால் இப்போது கல்லா மேசையில் ஒரு தாளை வைத்திருக்கிறார். வார இறுதியில் காய்ச்சப்போகிறவர்கள் முந்தின வாரமே எந்த ஈஸ்ட் வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனால், அதை மட்டும் வரவழைத்து வியாழக்கிழமை கொடுப்பார். பழசை எடுத்துத் தனித்தட்டில் பாதி விலைக்கு வைத்துவிட்டார். அரவை இயந்திரத்தின் பக்கத்தில் ஃபீலர் கேஜ் ஒன்று கயிற்றில் தொங்குகிறது. நண்பரிடம் தாளைப் பற்றிச் சொன்னேன். கடைக்குப் போனோம் வாங்கினோம் என்று இருந்தது போய், முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டுமா என்று சலித்துக்கொண்டார். ஒரு எளிய ஏல் நொதித்து, பாட்டிலில் அடைத்து, குடிக்கிற பதத்துக்கு வர மூன்று நான்கு வாரம் ஆகும். லாகர் என்றால் இன்னும் கூடுதல். அத்தனை நாள் பொறுத்திருந்து பழகியவர் அவர். ஒரு வாரம் முன்னதாக ஒரு பெயரை எழுதிவைப்பது அவரால் ஆகாத காரியம் இல்லை. அடுத்த சனிக்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.